மூன்றே காட்சியில் வரும் ஓலைநாயகம்: குணம் எங்கிருந்து வரும்?

கண்மாய்க்கரை எழுதியது:

மிகைபுனைவுத் தொடர் ஒன்றுக்கு யோசனை வேண்டும். கதை நடக்கும் சீமை நம்ம பக்கம் மாதிரிதான். வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கும் ஒரு ஆறு, அதை நம்பி வரிசையாகக் கண்மாய்கள். கோட்டைக் கண்மாய்க் கரையில் ஒரு வாக்குக்கல் நிற்கிறது. அரசன் அதில் கை வைத்து எதைச் சொன்னாலும் சொன்ன சொல்படியே நடக்கும். ஆனால் சொல்லும் ஒவ்வொரு அசைக்கும் அவன் ஆயுளில் ஒரு மாசம் குறையும்.

இதில் இளநாகன் என்று ஒரு ஓலைநாயகம், அதாவது அரசன் வாய்மொழியை ஓலையில் ஏற்றுகிறவர். வயது அறுபது. அரசனுக்கு இருபத்திரண்டு. இளநாகனுக்கு மூன்று காட்சி, மொத்தம் எட்டு வசனம். முதல் காட்சியில் கண்மாய்க்கு நீர் கேட்கும் வாக்கு. இரண்டாவதில் படை புறப்படுவதற்கு முந்தைய இரவு. மூன்றாவதில் அவர் இறந்து கிடக்கிறார். இப்போதைக்கு நரைத்த தாடி, நிதானமான பேச்சு, "அரசே, பொறுமை" என்பதைத் தவிர அவரிடம் எதுவும் இல்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது?

எழுகடல்:

தொழிலில் இருந்து ஆரம்பிங்க தம்பி. தாடியையும் நிதானத்தையும் தூக்கிப் போடுங்க. எட்டு வசனத்தில் முன்கதை சொல்ல இடமே கிடையாது. அவர் கை என்ன வேலை பார்க்கிறது என்று காட்ட இடம் இருக்கு.

ஓலையில் எழுதுகிறவர்கள் இடது கட்டைவிரல் நகத்தை வளர்த்து, அதில் ஒரு பள்ளம் வெட்டி வைத்திருப்பார்கள். எழுத்தாணியின் முனைப்பக்கம் அந்தப் பள்ளத்தில் உட்காரும். அப்போதுதான் கை நழுவாது, ஓலையும் கிழியாது. அரசன் பேசிக்கொண்டிருக்கும்போது இளநாகன் அந்தப் பள்ளத்தை ஆள்காட்டி விரலால் தடவினால், அவர் மனசுக்குள் எழுத ஆரம்பித்துவிட்டார் என்று அர்த்தம். தடவுவதை நிறுத்தினால் அரசன் சொன்னது அவருக்குப் பிடிக்கவில்லை. ஒரு வசனம் மிச்சம்.

அடுத்து, உங்கள் கல்லின் விதியைப் பாருங்க. அது அசை எண்ணுகிறது. அப்படியானால் அசை எண்ணத் தெரிந்தவர்தான் அந்த அரண்மனையிலேயே முக்கியமானவர். இளம் அரசன் "கண்மாய் நிறையும்" என்று சொல்லப் போகிறான். கண்/மாய், நிறை/யும். நாலு அசை, நாலு மாசம். மலிவாகத் தெரிகிறது. ஆனால் எதுவரை நிறையும் என்று அதில் இல்லை. கல் நிறுத்தாது, நீர் கரை மட்டத்தைத் தாண்டும், கரை உடையும், கீழே இருக்கிற ஊர் போகும். இளநாகன் "கலுங்குவரை" என்ற ஒரு சொல்லைச் சேர்க்கச் சொல்கிறார். கலுங்கு என்பது நிறைந்த கண்மாயின் மிச்ச நீர் வெளியேறும் இடம். கலுங்/குவ/ரை, மூன்று அசை. ஆக ஏழு மாசம். அரசனின் முகத்தைப் பார்த்து "இன்னும் மூன்று மாசம் கொடுங்கள்" என்று கேட்கிற ஆள் அவர். குணம் அந்தக் கேள்வியிலேயே இருக்கு.

வடம்போக்கி:

அண்ணே, நீங்க சொன்னது கைத்திறமை. குணம் இன்னும் வரல. நல்ல ஓலைக்காரன் எவனா இருந்தாலும் "கலுங்குவரை"னு சேர்க்கத்தான் செய்வான். இளநாகன் வேலையை வேற ஒருத்தர் பார்த்தா கதை மாறணும். மாறலேன்னா அவரு ஆளே இல்ல, வழிகாட்டிப் பலகை.

அவருக்கு ஒரு ஆசை வேணும். அதுவும் இந்தத் தண்ணியிலேயே இருக்கு. நம்ம பக்கம் கண்மாய் ஒண்ணுக்கொண்ணு தொடுத்தது. மேலக் கண்மாய் நெறஞ்சு மறுகால் பாஞ்சாத்தான், அதாவது மிச்சத் தண்ணி கலுங்கு வழியா வெளிய போனாத்தான் கீழக் கண்மாய்க்கு வரத்து. அப்ப "கலுங்குவரை நிறையும்"னு சொன்னா என்ன ஆகும்? தண்ணி கலுங்கு மட்டத்துல நின்னுரும். சொல்லு நிறைவேறியாச்சு, கல்லு அதுக்கு மேல ஒரு சொட்டு தராது. கோட்டைக் கண்மாய் ததும்ப நிக்கும், கீழ இருக்கிற ஊரெல்லாம் காஞ்சு கெடக்கும்.

இளநாகன் பொறந்தது கடைமடையில ஒரு ஊர்னு வைங்க. அவரு என்ன எழுதுவாரு? "கண்மாய் மறுகால் பாயும்." எண்ணிப் பாருங்க. கண்/மாய், மறு/கால், பா/யும். ஆறு அசை. உங்க ஏழுக்கு ஒரு மாசம் குறைச்சல். கரையும் உடையாது, கலுங்கு வழியாத்தானே வெளியேறுது. அரசனுக்கு ஒரு மாசம் மிச்சம்னு சொல்லிச் சபையை ஒத்துக்க வச்சிருவாரு. அவரு ஊருக்குத் தண்ணி போறதை யாரும் கவனிக்க மாட்டாங்க.

இன்னொண்ணு. "மறுகால் பாயும்"கிறது கண்மாய்க் கரையில பொறந்தவன் வாயில வர்ற சொல்லு. கோட்டைக்குள்ளேயே வளர்ந்தவனுக்கு அது தோணாது. அந்த ஒரு சொல்லு அவரு எந்த ஊருன்னு காட்டிக்குடுத்துரும்.

எழுகடல்:

ஆறு அசைக் கணக்கு சரி. என் வாக்கு கீழூர்களைக் காய வைக்கும் என்பதும் சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் ஆசையைச் சேர்த்ததும் ஆபத்தும் சேருது. "ஆலோசகர் தன் லாபத்துக்காக அரசனை ஏமாற்றினார்" என்று வாசகர் முடிவு கட்டிவிடுவார். மிகைபுனைவில் மந்திரி என்றாலே சதிகாரன், இல்லாவிட்டால் ஞானி. அந்த இரண்டு குழியில் ஒன்றில் கொண்டுபோய் விடுறீங்க.

வடம்போக்கி:

ஏமாத்தலையே. அரசனுக்கும் லாபம், ஊருக்கும் லாபம். ஒரே சொல்லுல ரெண்டும் இருக்கு. அவரு எதுக்காக எழுதினாருன்னு அவருக்கே பிரிச்சுச் சொல்லத் தெரியாது. அதான் குணம்ங்கிறேன்.

யானைமலை:

இரண்டு பேருமே வாசகருக்கு ரொம்ப அதிகமாகச் சொல்லப் பார்க்கிறீர்கள். துணைப் பாத்திரத்துக்குக் கொஞ்சம் இருட்டு வேண்டும்.

மதுரை ஒத்தக்கடை பக்கம் ஆனைமலை நரசிங்கம் குடைவரையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது, கி.பி. 770. பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் உத்தரமந்திரி, அதாவது தலைமை அமைச்சன், மாறன் காரி அந்தக் கோயிலைக் குடைவித்தான். நீர் தெளிப்பதற்கு, அதாவது குடமுழுக்குக்கு, முன்பே இறந்துபோனான். அவனுக்குப் பின் அதே பதவிக்கு வந்த தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி, நீர் தெளித்து முடித்தான். மாறன் காரி கோபக்காரனா, சாந்தமானவனா என்று கல்வெட்டு ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வாசலில் நின்றால் அவன் ஒரு ஆளாகத் தெரிகிறான். தொடங்கினான், முடிக்க முடியவில்லை, வேறொரு கை முடித்தது. அவ்வளவுதான் தகவல்.

இளநாகனின் ஊர் கடைமடை என்பதைக் கதையில் எங்கேயும் சொல்லாதீர்கள். "மறுகால் பாயும்" என்று எழுதட்டும். இரண்டாவது காட்சியில் படை போகும் வழியில் ஒரு சின்ன ஊரின் கண்மாய் நிறைந்து கிடப்பதை யாரோ போகிற போக்கில் சொல்லட்டும். இளநாகன் எதுவும் பேசாமல் இருக்கட்டும். சேர்த்துப் பார்க்கிறவர்கள் பார்ப்பார்கள்.

கண்மாய்க்கரை:

அக்கா, சேர்த்துப் பார்க்காதவர்களுக்கு அவர் வெறும் தாடியாகவே நின்றுவிட மாட்டாரா?

யானைமலை:

நிற்க மாட்டார், அவர் ஒரு இடத்தில் தவறினால். எப்போதும் சரியாகச் சொல்லும் ஆலோசகரைப் பக்கத்தில் வைத்தால் அரசன் மட்டியாகத் தெரிவான், ஆலோசகர் மரமாகத் தெரிவார்.

எழுகடல்:

இதில் அக்காவோடு முழுக்க உடன்படுகிறேன். தவறு எங்கிருந்து வரவேண்டும் என்பதுதான் முக்கியம். சோர்வு, வயசு, மறதி எல்லாம் வேண்டாம். அவருடைய பலம் எதுவோ அதிலிருந்தே தவறு வரணும்.

இரண்டாவது காட்சியில் அவரிடம் படைக்கு அரிசிக் கணக்கு கேட்கிறார்கள் என்று வைங்க. படை ஆட்களின் பேர் எழுதிய ஓலையில் 600 ஆள். ஆளுக்கு நாளுக்கு ஒரு நாழி. நாற்பது நாளுக்கு 24,000 நாழி. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம், ஆக 96 நாழி ஒரு கலம். சரியாக 250 கலம் அரிசி. நெல்லாகச் சேர்த்தால், ஐந்து நெல்லுக்கு இரண்டு அரிசி என்ற பழைய கணக்கில் 625 கலம். இளநாகன் இதை ஓலையைப் பார்க்காமலே சொல்வார். சபை வியக்கும்.

அவர் விட்டது என்ன? வண்டிக்காரர், சமையல்காரர், மாடு மேய்க்கிறவர், 150 பேர். அவர்கள் பேர் ஓலையில் இல்லை. உண்ணும் வாய் 750. அதே 24,000 நாழி 32 நாளில் தீர்ந்துபோகும். எட்டு நாள் பட்டினி. எழுதியதை மட்டுமே நம்பிப் பழகிய மனுஷர், எழுதப்படாதவனின் வயிற்றை எண்ணவில்லை. முதல் காட்சியில் அவரைப் பெரிய ஆளாகக் காட்டிய அதே பழக்கம் இங்கே படையைக் கவிழ்க்கிறது. இதற்கு முன்கதையே வேண்டாம்.

வடம்போக்கி:

கணக்கு அருமைண்ணே. ஆனா இங்கதான் இடிக்குது. கடைமடையில பொறந்தவருக்கு எழுதப்படாத ஆளுங்களைத் தெரியாமப் போகுமா? அவரு சனமே அந்த வண்டிக்காரங்கதான். நீங்க சொல்ற தப்பை அவரு செஞ்சா, நான் சொன்ன ஊரு பொய்யாப்போகும்.

எழுகடல்:

பொய்யாகாது. நாற்பது வருஷம் ஓலைக்குள் இருந்தவர். ஊரை மறக்கவில்லை, ஊர்க்காரன் கண்ணால் பார்ப்பதை மறந்துவிட்டார். கண்மாயை நினைத்தவர் வண்டிக்காரனை நினைக்கவில்லை. நிஜமான ஆளுக்கு அப்படி ஒரு இடத்தில் பார்வை இருக்கும், இன்னொரு இடத்தில் இருக்காது.

வடம்போக்கி:

அப்படின்னா யாராவது அதை அவரு மூஞ்சிக்கு நேரா சொல்லணும். ஒரு வண்டிக்காரன் "எங்களுக்கு எங்க அளப்பாங்க ஐயா?"னு கேக்கணும். அப்பத்தான் ஒத்துக்குவேன். அந்தக் கேள்வி வந்ததும் அவரு பேச்சு மாறணும். சபையில "தேவரீர் திருவுளம்", "செய்தருள வேண்டும்"னு பேசுறவரு, பதறிப்போயி "அந்த வண்டியை எல்லாம் அங்கிட்டு நிறுத்துங்கப்பா, வெள்ளன ஒருக்கா எண்ணிப்புடுவோம்"னு சொல்லணும். கதை முழுக்க ஒரே தடவைதான் அந்தப் பேச்சு வரணும். ரெண்டாவது தடவை வந்தா வேடிக்கையாப் போயிரும். வட்டார வழக்கைக் காவக்காரன் வாயில மட்டும் போட்டு, மந்திரி வாயில செந்தமிழை மட்டும் போடுறது நெறைய தொடர்ல இருக்கிற கோளாறு. அதையும் இது உடைக்கும்.

யானைமலை:

அந்த வசனம் எனக்கும் வேண்டும். ஆனால் அதற்குப் பிறகு அவர் அரசனிடம் போய்த் தவறை ஒப்புக்கொள்ளும் வசனம் வேண்டாம். "அகலாது அணுகாது தீக்காய்வார் போல்க" என்று குறள் சொல்வது அரசன் பக்கத்தில் இருக்கிறவனுடைய நிலையை. மிக விலகினால் குளிர், மிக நெருங்கினால் சூடு. நாற்பது வருஷம் அந்தத் தூரத்தைக் காப்பாற்றியவர் ஒரே ராத்திரியில் நெருங்க மாட்டார். அரசனின் வாசல்வரை போகட்டும். வாசற்படியில் நின்று, கட்டைவிரல் நகத்தைத் தடவட்டும். திரும்பிவிடட்டும்.

அவரைத் தவற விடவேண்டும் என்று நான் சொன்னது இந்த இடத்துக்கும் சேர்த்துத்தான். கணக்கில் விட்டது சின்னத் தவறு. அதைச் சொல்லாமல் திரும்பியது பெரியது.

கண்மாய்க்கரை:

இரண்டாவது காட்சி கிடைத்துவிட்டது. வசனமும் ஏழுக்குள் அடங்குகிறது. மூன்றாவதுதான் இன்னும் வெறுமையாக இருக்கு. அடுத்த வருஷத்துக்கான வாக்கை எழுதும்போதே இறந்துபோகிறார் என்று வைக்கலாமா? மாறன் காரி மாதிரி, பாதியில் நின்ற வேலை. ஓலையில் "கண்மாய்" என்ற சொல் மட்டும் இருக்கும். புதிதாக வருகிற ஓலைநாயகம் அதை முடிப்பார்.

வடம்போக்கி:

முடிக்கட்டும். ஆனா மேல்மடை ஊர்க்காரனா இருக்கணும். "கலுங்குவரை நிறையும்"னு முடிப்பான். ஏழு மாசம். ஒரு மாசம் கூடுதலா ஏன் போகுதுன்னு சபையில ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. கீழக் கண்மாய் காயும். இளநாகன் யாருன்னு வாசகருக்கு அப்பத்தான் முழுசாத் தெரியும்.

எழுகடல்:

புதியவர் கெட்டவராக வேண்டாம். முதல் பதிவில் நானே "கலுங்குவரை" என்றுதான் எழுதினேன், கீழே இருக்கிற ஊர்களை நினைக்காமல். அவரும் அப்படி எழுதட்டும். வேலையைச் சுத்தமாகச் செய்கிற மனுஷர், அவ்வளவுதான்.

யானைமலை:

ஒரே ஒரு திருத்தம். ஓலை பாதியில் நிற்க வேண்டாம். முழுதாக எழுதியிருக்கட்டும், ஆனால் மை தடவாமல்.

எழுத்தாணி ஓலையைக் கீறும், அவ்வளவுதான். கீறலில் நிறம் கிடையாது. விளக்குக் கரியையோ, கோவையிலைச் சாற்றில் குழைத்த கரியையோ தேய்த்துத் துடைத்த பிறகுதான் எழுத்து கறுப்பாகத் தெரியும். மை ஏறாத புது ஓலையைச் சாய்த்து வெளிச்சம் பட வைத்தால் படிக்கலாம். நேராகப் பார்த்தால், அதுவும் மங்கிய விளக்கில், வெற்றோலை மாதிரிதான் இருக்கும். அதனால் காட்சியை இரவில் வையுங்கள், விளக்கு ஓலைக்கு நேர் எதிரே இருக்கட்டும். மடியில் கிடக்கும் ஓலையை வெற்றோலை என்று நினைத்துப் புதியவர் எடுத்து ஒதுக்கி வைப்பார். வேறு ஓலையில் தன் வாக்கை எழுதுவார்.

கண்மாய்க்கரை:

அந்த ஓலையை அடுத்த பாகத்தில் யார் எடுப்பது? அரசனின் தங்கை ஒரு சிறுமி இருக்கிறாள், கண்ணுக்கு மை தீட்டிய விரலோடு எதையாவது தொட்டுக்கொண்டே இருப்பவள்.

வடம்போக்கி:

அவதான். ஆனா ஆறு அசையையும் ஒரே நாள்ல தேய்ச்சுராதீங்க. மொதல்ல "மறு"ங்கிற ரெண்டு எழுத்து மட்டும் தெரியட்டும்.