ஊர் நிதி: கட்டடமா, பஸ் காசா?

சம்பூர்_மகள்:
எங்கள் மாதர் சங்கத்தில் மாதந்தோறும் வீட்டுக்கு நூறு ரூபாய் சேர்க்கிறோம். 2006இல் போரால் இடம்பெயர்ந்து கிளிவெட்டி முகாமில் இருந்த காலத்தில், பக்கத்துக் கொட்டில்காரர்கள் பிடியரிசி சேர்த்து நோயாளிகளுக்கு உதவினார்கள். ஊர் திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. இப்போது அந்தக் காசில் உயர்தரம் முடித்த ஒரு பிள்ளைக்குச் சிறு கொடுப்பனவு கொடுத்து, கோயில் மண்டபத்தில் மாலை வகுப்பு நடத்துகிறோம். மிச்சம் கிளினிக் போகும் வயதானவர்களின் பயணத்துக்கு.

கனடாவில் இருக்கும் ஊரவர்கள் பெரிய தொகை தர முன்வந்திருக்கிறார்கள். ஆனால் வகுப்புக்கென்று ஒரு கட்டடம் கட்ட வேண்டுமாம். மறுக்க மனம் வரவில்லை, சம்மதிக்கவும் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

கொட்டியாரத்து_அம்மா:
மகள், நான் மூதூர்ப் பக்கம் குடும்ப நல மாதுவாக, அதாவது அரச மருத்துவிச்சியாக, வேலை செய்து ஓய்வு பெற்றவள். கட்டடத்துக்குச் சம்மதிக்காதீர்கள்.

நம் இலங்கையில் 1945 முதல் கல்வி இலவசம். பாடநூல் 1980இலும், சீருடைத் துணி 1993இலும் இலவசமாயின. அரச கிளினிக்கில் குளிசையும் இலவசம். பிறகு ஏன் பிள்ளை பாதியில் நிற்கிறது, பிரஷர்காரர் ஏன் குளிசையை விடுகிறார்? இலவசம் இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேரத்தான் காசு வேண்டும். சப்பாத்து, பஸ், அன்றைக்கு இழக்கும் கூலி. கிண்ணியாப் பாலம் 2009இல் திறந்ததோடு பாதைக்கு, அதாவது அக்கரை சேர்க்கும் மிதவைக்கு, காத்து நிற்கும் தொல்லை தீர்ந்தது, உண்மைதான். ஆனாலும் திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு விடியப் புறப்பட்ட கிழவி வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிடுகிறது. துணைக்குப் போன மகளின் கூலியும் போய்விடும். 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் அம்புலன்ஸ் அவசரத்துக்கு வரும், மாதாந்தக் கிளினிக்குக்கு வராது.

சீனி வியாதிக்காரரான ஒரு மீனவரை எனக்குத் தெரியும். பஸ்ஸுக்குக் காசில்லாமல் கிளினிக்கைத் தவறவிட்டார். காலில் புண் வந்து விரலை எடுக்க நேர்ந்தது. அவருக்குரிய மருந்து அங்கே இருந்தது! இன்றைக்கு நினைத்தாலும் நெஞ்சு பொறுக்கவில்லை.

கனடாவில் இருப்பவர்களிடம் நேராகக் கேளுங்கள்: படிப்பிக்கும் பிள்ளையின் கொடுப்பனவையும் கிளினிக் நாளில் ஓர் ஓட்டோவையும் வருடக்கணக்கில் பொறுப்பேற்பீர்களா என்று. ஊரின் நூறு ரூபாயை மட்டும் எக்காரணம் கொண்டும் நிறுத்த வேண்டாம். அது நின்றால் கணக்குக் கேட்க ஊரில் ஆள் இருக்காது.

நிலாவெளி_வாத்தியார்:
அம்மா சொல்வதில் பெரும்பகுதி சரி. ஆனால் இடமும் முக்கியம். திருவிழா வந்தால் மண்டபம் கிடைக்காது, மார்கழி மழையில் சாரல் அடித்துக் கொப்பி நனையும். அதற்காகப் புதுக் கட்டடம் தேவையில்லை. மாலையில் வெறுமையாகக் கிடக்கும் வகுப்பறை ஒன்றைத் தரும்படி பாடசாலை அதிபரிடம் எழுத்தில் கேளுங்கள், மின்கட்டணத்தைச் சங்கம் ஏற்கட்டும். வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில், இருவர் கையொப்பத்தோடு இருக்க வேண்டும். இன்னொன்று, 2022 பொருளாதார நெருக்கடியில் கையில் காசிருந்தும் பெற்றோல் கிடைக்கவில்லை. அப்போது எங்கள் பக்கம் சைக்கிள் மிதித்து மருந்து எடுத்து வந்தவர்கள் ஊர் இளைஞர்கள். அப்படி உதவக்கூடியவர்களின் பெயர்களை இப்போதே எழுதி வையுங்கள்.

சம்பூர்_மகள்:
நன்றி அம்மா, நன்றி ஐயா. அதிபரைச் சந்திக்கிறேன். அம்மா, துணைக்குப் போகிறவரின் கூலியையும் நிதியிலிருந்து கொடுக்கலாமா? சிலர் முணுமுணுப்பார்கள்.

கொட்டியாரத்து_அம்மா:
கட்டாயம் கொடுங்கள். முழுக் கூலி முடியாவிட்டால் பாதியாவது. எவ்வளவு என்பதைக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் தீர்மானியுங்கள். மாதக் கணக்கை அறிவித்தல் பலகையில் போடும்போது தொகையை மட்டும் எழுதுங்கள். யாருக்கு என்ன நோய் என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை. முக்கியமாகக் கர்ப்பிணிகளின் பெயர் வெளியே போகக்கூடாது.