எல்லாமே டிவ்! ஏற்காடு ஹோம்ஸ்டே பக்கத்துக்கு எந்த டேக் எங்கே?

ஐந்துரோடு:
எல்லாருக்கும் வணக்கம். ஏற்காட்டில் சித்தப்பா நடத்தும் ஹோம்ஸ்டேக்கு நான்தான் தளம் செய்து கொடுத்தேன். மூன்று அறைகள், வாடகை, மேலே வரும் வழி, பார்க்கும் இடங்கள், தங்கிப் போனவர்கள் எழுதியது, எல்லாம் ஒரே பக்கத்தில். போன வாரம் பார்வையற்ற ஒருவர் போன் செய்தார். திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் என்விடிஏ மென்பொருளை வைத்துப் பத்து நிமிஷம் தேடியும் வாடகை பிடிபடவில்லையாம். ‘புக் செய்க’ என்று ஒன்று இருப்பதே தெரியவில்லையாம். மனசு கேட்கவில்லை. பக்கத்தின் எச்டிஎம்எல் கோடில் எண்ணினேன், 71 டிவ், அதாவது உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லாத வெறும் பெட்டி டேக். மே மாதக் கோடை விழாக் கூட்டம் வருவதற்குள் சரிசெய்தாக வேண்டும்.

எல்லாவற்றையும் செக்‌ஷன் ஆக்கினால் போதுமா? ஆர்ட்டிகிள் எதற்கு? இரண்டாம் நிலைத் தலைப்பான எச்2 எழுத்து ரொம்பப் பெரிதாக வருகிறது என்று தலைப்புக்கெல்லாம் எச்4 போட்டேன். கிளியூர் அருவி, லேடீஸ் சீட் இருக்குமிடங்களுக்கு அட்ரஸ் டேக். இதெல்லாம் சரிதானா?

அஸ்தம்பட்டி:
தங்கச்சி, டிவ்வை அப்படியே செக்‌ஷன் ஆக்கினால் பெயர்தான் மாறும். அந்தத் துண்டை மட்டும் வெட்டி வேறு இடத்தில் ஒட்டினாலும் தனியாக அர்த்தம் தருமா? தந்தால் ஆர்ட்டிகிள். விருந்தினர் எழுதிய ஒவ்வொரு கருத்தும் அப்படித்தான். ‘அறைகள்’, ‘வரும் வழி’ மாதிரி, தலைப்போடு பக்கத்தின் ஒரு பகுதியாக நிற்பது செக்‌ஷன். அழகுக்காகச் சுற்றிய உறை என்றால் டிவ்வே இருக்கட்டும், தப்பில்லை. மேல் மெனுவுக்கு நாவ், முக்கிய உள்ளடக்கம் முழுவதுக்கும் ஒரே ஒரு மெயின்.

எழுத்தின் அளவு, தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸின் வேலை, எச் எண்ணை அதற்காகத் தொடாதே. ஹோம்ஸ்டே பெயர் எச்1, பகுதிகள் எச்2, ஒவ்வொரு அறையும் எச்3. அட்ரஸ் டேக் அந்தப் பக்கத்துக்கு உரியவரைத் தொடர்புகொள்ளும் விவரத்துக்கு மட்டும். சித்தப்பா போன் நம்பர் அதில் இருக்கலாம், கிளியூர் அருவி கூடாது. வழியை ஓஎல் எனும் எண்ணிட்ட பட்டியலாக்கு: கோரிமேடு, அடிவாரம், 20 கொண்டை ஊசி வளைவுகள், அப்புறம் ஏரி. வரிசை மாறினால் வழி தப்பிவிடும் அல்லவா?

ஆத்தூர்வாசி:
நானும் என்விடிஏவில்தான் படிக்கிறேன். புதுப் பக்கம் திறந்ததும் எச் விசையை அழுத்தித் தலைப்பு தலைப்பாகத் தாவுவேன். உங்கள் வாடகை என் காதில் எப்படி விழும் தெரியுமா? “2000, 2500, 3000.” எது எந்த அறைக்கு, எது சனி ஞாயிறுக்கு, ஒன்றும் விளங்காது. அதையே டேபிளாக்கி, மேல் வரிசைக்கும் அறைப் பெயர்களுக்கும் டிஎச் என்ற தலைப்புக் கட்ட டேக் போடுங்கள். கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் பிடித்தபடி அம்புக்குறியை நகர்த்தினால் “சனி ஞாயிறு, 3000” என்று சேர்த்தே சொல்லும்.

‘புக் செய்க’ கிளிக் செய்தால் வேலை செய்யும்படி ஆன்கிளிக் போட்ட டிவ்வாகத்தான் இருக்கும். டேப் விசை அதில் நிற்காது. பட்டன் டேக் போடுங்க, வேறு பக்கத்துக்குக் கூட்டிப்போவது என்றால் லிங்க். இன்னொன்று, டெம்ப்ளேட்டில் பக்கத்தின் மொழியைச் சொல்லும் லேங் ‘இஎன்’ (ஆங்கிலம்) என்றே கிடந்தால் ‘டிஏ’ (தமிழ்) ஆக்குங்க. இல்லாவிட்டால் தமிழை ஆங்கிலக் குரல் வாசிக்கப் பார்க்கும்.

ஐந்துரோடு:
ரொம்ப நன்றிங்க. லேங் ‘இஎன்’ என்றுதான் இருந்தது! மாற்றிவிட்டேன். டேபிளும் பட்டனும் நன்றாகப் பேசுகின்றன. இப்போது 19 டிவ் மிச்சம், எல்லாம் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டுக்கு. ஆனால் என்விடிஏவில் பக்கத்தின் முக்கியப் பகுதிகளுக்குத் தாவும் டி விசையை அழுத்தினால் மெயின், நாவ் வருகின்றன, செக்‌ஷன் ஒன்றுகூட வரவில்லையே?

அஸ்தம்பட்டி:
செக்‌ஷனுக்குப் பெயர் கொடுத்தால்தான் வரும். எச்2வுக்கு ஒரு ஐடி கொடுத்து, செக்‌ஷனின் ஆரியா-லேபிள்ட்பை (பெயர் எங்கே இருக்கிறது என்று காட்டும் குறிப்பு) என்பதில் அதே ஐடியைப் போடு. எல்லாவற்றுக்கும் போட்டால் டி விசை அழுத்தி அழுத்தியே கை வலிக்கும். ‘அறைகள்’, ‘வாடகை’ இரண்டுக்கும் போதும்.

ஆத்தூர்வாசி:
அறைப் படங்களுக்கான விளக்கச் சொற்களை, அதாவது ஆல்ட்டையும் பாருங்க. “படம் 3” என்றால் எனக்கு ஒன்றும் தெரியாது. ஜன்னலைத் திறந்தால் காப்பித் தோட்டம் தெரியும் என்றால் அதையே எழுதுங்க.