புதுப்பிப்பு: ரிங்டோன் பட்டியலில் பாட்டு வந்துவிட்டது

பிடித்த பாட்டை வெட்டி ஆண்ட்ராய்டு போனில் போட்டும் ரிங்டோன் பட்டியலில் அது தெரியவில்லை என்று போன வாரம் கேட்டிருந்தேன். சரியாகிவிட்டது. கோப்பு டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்தது. அதை ரிங்டோன்ஸ் ஃபோல்டருக்கு மாற்றி, போனை ஒருமுறை அணைத்துப் போட்டதும் பட்டியலில் வந்து நின்றது.

அப்புறம்தான் பெரிய வேலை. முதலில் பாட்டின் தொடக்கத்தையே வெட்டியிருந்தேன். மெல்லிய கிட்டார் இசை, கேட்க அவ்வளவு இனிமை. ஆனால் போன் பைக்குள் இருந்தால் காதில் விழவே இல்லை; இரண்டு அழைப்புகள் தவறிப்போயின. அதனால் ஆடாசிட்டி என்ற கணினி ஒலித்தொகுப்பு மென்பொருளில், பல்லவி எடுக்கும் இடத்திலிருந்து 25 நொடி வெட்டினேன். தாளத்தின் முதல் அடியில் சரியாக வெட்டுங்கள். அரை நொடி பிசகினாலும் ஒவ்வொரு அழைப்பிலும் உறுத்தும். போனின் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் என்னும் தாழ்ந்த ஒலி எடுபடாது. குரல்தான் தெளிவாகக் கேட்கிறது.

ஐபோன் பற்றிக் கேட்டவர்களுக்கு: கராஜ்பேண்ட் என்ற ஆப்பிளின் இசைச் செயலியிலேயே செய்யலாம், 30 நொடிக்குள் இருக்க வேண்டும். ஸ்ட்ரீமிங் செயலிக்குள் டவுன்லோட் செய்த பாட்டு இதற்கு உதவாது, அது பூட்டிய கோப்பு. பூட்டில்லாத எம்பி3 போன்ற கோப்பாக வாங்கி வைத்திருந்தால் தாராளமாக வெட்டலாம்.