கட்டில் சந்துல கெடந்த சட்டை

மாலதி அத்தை: அய்யன் கட்டில் மூலையில இருந்து போட்டோ போட்டிருக்கேன் பாருங்க, தவுட்டு நெறத்துல தோலு தோலா கெடக்குது. போன வாரம் மருந்தடிச்சோமில்ல, மூட்டப்பூச்சி பூராவும் செத்துப்போச்சாட்ட இருக்குது

கவிதா: அத்தை அது செத்த பூச்சி இல்லீங்க, உரிச்சுப் போட்ட சட்டை. பெருசு பண்ணிப் பாருங்க, உள்ள ஒன்னுமே இருக்காது, தலைக்குப் பின்னால முதுகுல வெடிச்சிருக்கும், அது வழியாத்தான் வெளிய வந்திருக்குது

மாலதி அத்தை: பாம்பாட்டமா கண்ணு

கவிதா: பாம்புக்காவது உள்ள எலும்பு இருக்குதுங்க, பூச்சிக்கு மேல இருக்கற ஓடுதான் எலும்பு, கைட்டின்னு சொல்ற பொருள்ல ஆனது, ஒடம்பு பெருசானாலும் அது பெருசாகாது, அதனால கழட்டித்தான் ஆகோணும். பெரிய பூச்சியாகறதுக்குள்ள 5 தடவ கழட்டும், ஒவ்வொரு தடவைக்கும் முன்னாடி ரத்தம் குடிச்சாகோணும். அங்க எத்தன சட்டை கெடக்குதோ அத்தன தடவையாச்சும் கடிச்சிருக்குதுங்க அத்தை, எனக்கு அப்பார நெனச்சா மனசே கேக்கல

செந்தில் சித்தப்பா: நண்டும் இப்படித்தான கண்ணு. தடப்பள்ளி வாய்க்கால்ல புடிக்கறப்ப ஒன்னொன்னு கையில அமுங்கும், பாவம் இப்பத்தான் ஓடு மாத்தியிருக்குது வுட்ருடான்னு அய்யன் சொல்லுவாரு

கவிதா: அதேதானுங்க சித்தப்பா!! நண்டு ஓட்டுல சுண்ணாம்பும் சேந்திருக்கும், அதான் அத்தன கெட்டி. நத்தை உரிக்காது, ஓரத்துல சேத்துச் சேத்துப் பெருசு பண்ணிக்கும். ஆமையால ஓட்டை வுட்டு வெளிய வரவே முடியாது, வெலா எலும்பும் முதுகெலும்பும் சேந்துதான் அந்த ஓடே

சுரேஷ்: அது செரி, மருந்தடிச்சும் ஏன் சாகல

கவிதா: மருந்து அந்த ஓட்டைத் தாண்டித்தான் உள்ள போகோணும்ண்ணா. 2016ல சிட்னி பல்கலைக்கழகத்துக்காரங்க அளந்து பாத்தப்ப மருந்துக்கு அசராத பூச்சிக்கு ஓடு தடிமனா இருந்துச்சு. ஆனா எத்தன தடிமனா இருந்தாலும் சூடு தாங்காது, 50 டிகிரிக்கு மேல போனா முட்டையும் சேந்து செத்துரும். கொதிக்கற தண்ணிய கட்டில் கால் பொருந்தற சந்து, கயிறு முடிச்சு எல்லாத்துலயும் மெதுவா ஊத்துங்க அத்தை, மேல விரிச்ச ஜமுக்காளத்தையும் முக்கிப் போடுங்க, சாயம் போனாப் போகுது

மாலதி அத்தை: ராத்திரியெல்லாம் அய்யன் கைய சொறிஞ்சுட்டே கெடந்தாரு கண்ணு, வயசானா தோலு வறண்டுரும்னு நானும் தேங்காண்ண தடவிட்டே இருந்தேன். வெறகடுப்புல அண்டா வெச்சாச்சு. செந்திலு, கட்டில வாசலுக்குத் தூக்கோணும், சித்த வந்துட்டுப் போ

செந்தில் சித்தப்பா: இதா வண்டிய எடுத்துட்டேங்க்கா