சின்ன வயதுப் பெண்களின் ‘திடீர்’ சாவு: அந்தக் காலத்தில் இல்லையா?

சேரன்மாதேவிக்காரி:

போன ஐப்பசியில் எங்கள் தெருவில் 26 வயதுப் பெண் ஒருத்தி காலையில் எழுந்திருக்கவே இல்லை. கேதம் கேட்கப் போன இடத்தில் ஒரே பேச்சு. “இப்பத்தான் இப்படிச் சின்னஞ்சிறுசா போகுது, அந்தக் காலத்துல உண்டா?” நானும் தலையாட்டிவிட்டு வந்தேன். வாசலில் தண்ணீர் விட்டுக் கால் கழுவும்போதுதான் உறைத்தது. எங்கள் அக்கா போனது 1991. வயது 24, கைப்பிள்ளைக்குப் பத்து மாதம். அவளும் விடியக்காலையில்தான்.

இடம் விஷயமாக அவள் இறப்புச் சான்றிதழ் வேண்டியிருந்தது. வாங்கிப் பார்த்தால் பெயர், தேதி, ஊர் எல்லாம் இருக்கிறது, எதனால் என்பது மட்டும் இல்லை. “அது சான்றிதழ்ல வராதும்மா” என்றார் எழுத்தர். விசாரித்தேன், உண்மைதான். 1969ஆம் வருடத்துப் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டமே காரணத்தை வெளியே காட்டக் கூடாது என்கிறது. ஆனால் அந்த மனிதர் என் முகத்தை ஒரு தரம் பார்த்துவிட்டு, ஸ்கேலை ஒரு வரிக்குக் கீழே வைத்து, பதிவேட்டை என் பக்கமாக லேசாகத் திருப்பினார். ஊதா மை. காரணம் என்ற கட்டத்தில் ‘திடீர்’. மேல் வரியில் 82 வயதுப் பெரியவர் ஒருவருக்கு ‘முதுமை’. அவருக்காவது ஒரு காரணம் கிடைத்திருக்கிறது.

உங்கள் வீடுகளில் இப்படி உண்டா? அப்போது அதிகமா, இப்போது அதிகமா?

முன்சீப் பேரன்:

தங்கச்சி, இதற்குப் பதில் கிடைக்காது. எங்கள் தாத்தா கிராம முன்சீப், இப்போதைய ஊர் நிர்வாக அதிகாரி மாதிரி. 1980இல் பரம்பரை முன்சீப், கர்ணம் பதவிகளை ஒழிக்கிற வரைக்கும் ஊர்ச் சாவையெல்லாம் எழுதியது அவர்தான். நாடி பார்க்கத் தெரியாது, ஆளையும் போய்ப் பார்க்க மாட்டார். தலையாரி வந்து திண்ணைக்குக் கீழே நின்று சொல்லுவார், தாத்தா வெற்றிலையைத் துப்பிவிட்டு எழுதுவார். பேதி, அம்மை, காய்ச்சல், காயம். இதில் எதிலும் அடங்காவிட்டால் ‘இதரம்’. வெள்ளைக்காரன் காலத்துத் தலைப்புகள் அப்படியே தொடர்ந்தன. பிள்ளை பெற்று முப்பதாம் நாள் செத்தவளும் ‘காய்ச்சல்’தான்.

ஒரு தடவை தலையாரி, “பொன்னுக்குட்டிக்கு என்னனு தெரியல எசமான், நல்லாத்தான் இருந்தா” என்றார். தாத்தா சற்று யோசித்துவிட்டு ‘காய்ச்சல்’ என்று எழுதினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து பல்லாங்குழி ஆடிக்கொண்டிருந்தேன். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) அந்த ஏட்டை வைத்துக்கொண்டு அப்போது காரணம் தெரியாத சாவு குறைவு என்று யாராவது கணக்குச் சொன்னால் எனக்குச் சிரிப்புத்தான் வரும்.

ஓய்வுபெற்ற நர்ஸ், பாளை:

எனக்கு முன்சீப்பை விடப் போலீஸ் எழுதியதுதான் மறக்கவில்லை. 1980களின் கடைசியில் தீக்காய வார்டில் வேலை. வருகிறவர்கள் முக்கால்வாசி இருபது, இருபத்தைந்து வயது மருமகள்கள். எல்லாருக்கும் ஒரே வாக்கியம்: ஸ்டவ் வெடித்தது.

ஒரு நாள் ஏட்டையா அந்த ஸ்டவ்வையே சாக்கில் சுற்றிக் கொண்டுவந்து வார்டு வாசலில் வைத்தார். பித்தளை பம்ப் ஸ்டவ். டேங்கில் ஒரு நசுங்கல் இல்லை. பம்ப்பை இழுத்துப் பார்த்தேன், வேலை செய்தது. பர்னரில் குத்துகிற பின்கூட கைப்பிடியில் கட்டியபடியே தொங்கியது. உள்ளே அந்தப் பெண் மாமியாரைப் பார்த்துவிட்டு, “வெடிச்சிட்டு சிஸ்டர்” என்றாள். நானும் கேஸ் ஷீட்டில் அதையே எழுதினேன்.

பிற்பாடு லான்செட் மருத்துவ இதழில் ஒரு கணக்கு வந்தது. 2001இல் இந்தியாவில் தீயால் செத்தவர்கள் சுமார் 1,63,000 பேர், அதில் 1,06,000 பேர் பெண்கள், பெரும்பாலும் 15இலிருந்து 34 வயது. போலீஸ் கணக்கைப் போல ஆறு மடங்கு. மிச்சப் பேரெல்லாம் எந்தக் கட்டத்தில் போய் உட்கார்ந்தார்கள் என்று அந்த சாக்கு மூட்டை நினைவுக்கு வரும்போதெல்லாம் தோன்றும்.

வண்ணார்பேட்டை வாசி:

பழங்கதை எதற்கு? 2021க்கு அப்புறம்தான் எல்லாம். கொரோனா ஊசி போட்ட கை காயுமுன்னே எங்கள் சித்தி மகள் போய்விட்டாள். 31 வயது. கண்ணால் பார்த்தவன் சொல்கிறேன். யாரும் எனக்குப் பாடம் எடுக்க வேண்டாம்.

அறுத்துப் பார்த்தவன்:

உங்கள் தங்கைக்காக வருத்தப்படுகிறேன் அண்ணாச்சி. பாடம் எடுக்கவில்லை, பார்த்ததைச் சொல்கிறேன். படிக்கிற காலத்தில் பிணவறையில் எனக்கு வந்த ஒரு கேஸ். 27 வயது, பீடி சுற்றுகிற பெண், இரண்டாவது பிள்ளை பிறந்து மூன்று மாதம். போலீஸ் தாளில் ‘காரணம் தெரியாத மரணம்’. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகாததால் ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) விசாரணை. புருஷன் வெளியே வேப்பமரத்தடியில் குத்தவைத்திருந்தான். ஊரே அவனைக் கொலைகாரனாகப் பார்த்தது. “தூசிக்கு மூச்சு எளைக்கும் சார், பீடித் தூள்ல. அவ்வளவுதான்” என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

இதயத்தைத் திறந்தோம். இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் இருக்கிற மைட்ரல் வால்வு வழியாக இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். அவளுக்கு அது சட்டைப் பித்தான் துளை. ஓரமெல்லாம் சுண்ணாம்பு படிந்து நறநற என்றது. சின்ன வயதில் தொண்டைப்புண்ணுக்குப் பின்னால் வந்த மூட்டுக் காய்ச்சல் செய்த வேலை. இப்படி வால்வு சுருங்கினவர்களுக்குப் படுத்தால் மூச்சு முட்டும். பிள்ளைத்தாய்ச்சிக்கு ரத்த ஓட்டம் கூடும்போதும், பிரசவத்தை ஒட்டியும்தான் அது ஆளைத் தள்ளும். வெளியே போய் அவனிடம் சொன்னேன். “அப்போ நான் இல்லையே சார்?” என்று கேட்டான்.

ஊசி பற்றி: ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 47 ஆஸ்பத்திரிகளில் 18இலிருந்து 45 வயதுக்குள் திடீரென்று செத்த 729 பேரை எடுத்து, அதே வட்டாரத்தில் உயிரோடு இருப்பவர்களோடு ஒப்பிட்டு 2023இல் வெளியிட்டது. தடுப்பூசியால் அபாயம் கூடவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே திடீர்ச் சாவு, கொரோனாவுக்கு ஆஸ்பத்திரியில் படுத்தது, மட்டுமீறிய குடி, போதைப்பொருள், கடும் உடலுழைப்பு, இவைதான் கூட்டின.

முன்சீப் பேரனுக்கும் ஒன்று. எல்லாமே எழுதுகிற கையின் கோளாறு என்றால் ஒப்புக்கொள்ள மாட்டேன். தமிழ்நாட்டில் உயிரோடு பிறக்கிற ஒரு லட்சம் பிள்ளைக்குத் தாய் சாவு 2001–03இல் 134, 2018–20இல் 54. இது மையில் வந்த மாற்றம் இல்லை.

முன்சீப் பேரன்:

டாக்டர், பிரசவச் சாவைத் தனியாகத் தேடித் தேடி எண்ணினார்கள், அதனால் தெரிகிறது. மற்றதை யார் தேடினார்? 2020இல்கூட நாடு முழுக்கப் பதிவான சாவுகளில் மருத்துவர் காரணம் எழுதியது 22.5 சதவீதத்துக்குத்தான். சென்னையில் 1990களின் நடுவில் செத்த 48,000 பேர் வீட்டுக்கு ஆள் அனுப்பி, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதினார்கள். 25இலிருந்து 69 வயதுக்காரர்களில் ‘தெரியவில்லை’ 37 சதவீதமாக இருந்தது 7 ஆகிவிட்டது. கேட்டதுதான் வித்தியாசம். கூடியது, குறைந்தது என்று நான் சொல்லவில்லை. சொல்ல முடியாது என்றேன்.

அம்பை மாமா:

எங்கள் மதினி 1998இல் தறியில் உட்கார்ந்தபடியே சாய்ந்தாள், 29 வயது. அதை விடுங்கள், இப்போது செய்ய வேண்டியதைச் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாவை 21 நாளுக்குள் பதியுங்கள், தாண்டினால் அலைச்சல். ஆஸ்பத்திரியில் இறந்தால் காரணச் சான்றின் நகலை நெருங்கிய உறவினருக்குக் கொடுக்க வேண்டும் என்று 2023 திருத்தத்தில் வந்துவிட்டது, வாய் திறந்து கேளுங்கள். அதில் ‘இதயமும் மூச்சும் நின்றது’ என்று மட்டும் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். இதயம் நிற்காமல் எவன் செத்தான்? போஸ்ட்மார்ட்டத்துக்கு “பொம்பளப் பிள்ள உடம்ப கிழிக்கணுமா” என்று மறுக்காதீர்கள். செத்தவளின் கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் ஈசிஜி, எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்துவிடுங்கள், சில கோளாறு ரத்தத்திலேயே வரும். பழைய மாத்திரைச் சீட்டைக் கிழிக்காதீர்கள். பிள்ளைகளுக்குத் தொண்டைப்புண் வந்தால் மஞ்சளும் பாலும் கொடுத்துச் சும்மா இருக்காதீர்கள். மதினிக்கு என்ன என்று எங்களுக்குக் கடைசிவரை தெரியாது.

அரங்குவீடு:

யாரும் எழுதி வைக்கவில்லை என்கிறீர்களே. எங்கள் வீட்டு அரங்கில், உள்ளறையில், கன்னிக்கு ஓலைப்பெட்டி இருக்கிறது. வருடம் ஒரு தடவை இறக்கிப் புதுச் சிற்றாடை வைப்போம். கல்யாணமாகாமல் செத்துப்போன பிள்ளைகள்தான் கன்னி. உள்ளே ஓரமாக மூன்று வளையல் வெவ்வேறு அளவில், கறுத்துக் கிடக்கும். யார் யாருடையது என்று ஆச்சிக்குத் தெரியும். எதனால் என்று கேட்டால், “சாமிய அப்படிக் கேக்கப்புடாது” என்பாள். ஏட்டில் ‘இதரம்’, எங்களுக்குச் சாமி.

சேரன்மாதேவிக்காரி:

அறுத்துப் பார்த்தவன் சார் எழுதியதைப் படித்துவிட்டு ராத்திரி அம்மாவிடம் கேட்டேன், அக்காவுக்கு மூச்சு இளைக்குமா என்று. இல்லவே இல்லை என்றாள். அப்புறம் அவளாகவே, “படுக்கத்தான் மாட்டா. சொவருல சாஞ்சுக்கிட்டே தூங்குவா. பிள்ளைக்குப் பால் குடுக்கதுக்கு லேசா இருக்குன்னு இருக்கான்னு நெனச்சேன்” என்றாள்.

அந்த அறைக்குப் போனேன். மூன்று தடவை வெள்ளை அடித்தாயிற்று. ஜன்னலுக்குக் கீழே, உட்கார்ந்தால் தலை படுகிற உயரத்தில், எண்ணெய்க் கறை இன்னும் மங்கலாகத் தெரிகிறது. அம்மா பின்னாலேயே வந்து, “ஏன்ளா, அப்படித் தூங்குனா தப்பா?” என்று கேட்டாள். கரண்ட் போய்விட்டது, விளக்கு எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

தம்பியை, அவள் பிள்ளையைத்தான் அப்படிக் கூப்பிடுவோம், எக்கோவுக்கு திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன்.