கதைக்கத் தெரியாத பிள்ளைக்கு என்ன தெரபி? என்.எச்.எஸ். (பிரித்தானிய அரச மருத்துவச் சேவை) தாய்–சேய் சைக்கோதெரபி பற்றி ஒரு கேள்வி

கீதா_ஹாரோ:
வணக்கம். லண்டனில் ஹெல்த் விசிட்டர்களோடு (சின்னப் பிள்ளைகள் உள்ள வீடுகளுக்குப் போகும் நர்ஸ்கள்) தமிழ்த் தாய்மாரின் வீடுகளுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போகிறேன். பேரன்ட்–இன்ஃபன்ட் சைக்கோதெரபிக்கு, அதாவது தாயையும் கைக்குழந்தையையும் ஒன்றாக வைத்துப் பார்க்கும் மனநல வைத்தியத்துக்கு, அனுப்புகிறோம் என்றதும் எல்லாரும் கேட்பது தலைப்பில் உள்ளதைத்தான். அறைக்குள் என்ன செய்வார்கள்? எத்தனை தடவை போகவேண்டும்? மொழிபெயர்ப்பாளர் எங்கே இருப்பது, தெரபிஸ்ட் பிள்ளையோடு கதைத்தால் அதையும் மொழிபெயர்ப்பதா? பலன் உண்டென்று ஆய்வு ஏதும் இருக்கிறதா?

தூளி:
ஆய்வுக் கேள்வியை வேறு யாராவது எடுங்க. அறைக்குள் நடப்பதை நான் சொல்றேன்.

தரையில் ஒரு விரிப்பு, நாலைந்து விளையாட்டுச் சாமான். தாயும் தெரபிஸ்ட்டும் தரையிலேயே உட்காருவாங்க, குழந்தை நடுவில். 50 நிமிடம் முதல் ஒரு மணி நேரம். தெரபிஸ்ட்டின் காது தாயிடம், கண் குழந்தையிடம். பிரசவத்தில் நடந்ததைத் தாய் சொல்ல ஆரம்பிக்கிறார், குரல் தட்டையாகிறதுன்னு வைங்க. அதே நொடியில் 4 மாதக் குழந்தை முகத்தைத் திருப்பி லைட்டை வெறிக்குது, கை இறுகுது. தெரபிஸ்ட் குழந்தையிடமே சொல்வார்: "அம்மா அந்த ராத்திரிக்குப் போயிட்டாங்க. அவங்களைக் காணோம்னு நீ லைட்டைப் பிடிச்சுக்கிட்டே." வார்த்தை குழந்தைக்குப் புரியாது, தொனியும் முகமும் போய்ச் சேரும். தாய்க்குத்தான் அங்கே ஒன்று விளங்கும்: இது என்னைப் பிடிக்காமல் திரும்பவில்லை, என் முகம் மாறினதைத் தாங்க முடியாமல் திரும்பியிருக்கு.

இந்த முறைக்கு வழி போட்டவர்களில் முக்கியமானவர் மிச்சிகனில் வேலை செய்த செல்மா ஃப்ரைபெர்க். கிளினிக்குக்கு வராத தாய்மாரின் வீட்டுக்கே போய், சமையலறையில் உட்கார்ந்து பார்த்த வைத்தியம் அது. 1975இல் அவரும் சக ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரையின் சாரம்: சின்ன வயதில் அடிபட்ட தாய்க்கு அடிபட்டது நினைவிருக்கும், அப்போது பட்ட பயமும் வலியும்தான் மறந்திருக்கும். அந்த வலி திரும்ப உறைத்தால் பிள்ளை மேல் கை ஓங்காது.

எத்தனை தடவை என்பது ஊருக்கு ஊர், குழுவுக்குக் குழு மாறும். லண்டனில் உள்ள டாவிஸ்டாக் என்ற மனநல கிளினிக்கில் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கான சேவை ஐந்து அமர்வு வரை என்ற அளவில் பேர்பெற்றது. தூக்கம், பால் குடிப்பது, ஓயாத அழுகை மாதிரிச் சிக்கலுக்கு அதுவே பல நேரம் போதும். தாயின் பழைய காயம் ஆழமென்றால் வாரம் ஒன்றாக மாதக்கணக்கில் போகும். அதற்கு முன்னால் ரிஃப்ளக்ஸ் (குடித்த பால் மேலே எதுக்களிப்பது), பசும்பால் ஒவ்வாமை, எடை ஏறாதது எல்லாவற்றையும் ஜி.பி. (குடும்ப டாக்டர்) பார்த்திருக்கணும். வயிற்று எரிச்சலில் அழும் குழந்தைக்கு மனசைத் தோண்டிப் பிரயோஜனமில்லை.

அதிகம் கெட்டுப்போவது இரண்டு இடத்தில். தாயின் கதை கனமாகி, தெரபிஸ்ட் குழந்தையை மறந்துவிடுவது ஒன்று. மற்றது இதைவிட மோசம்: குழந்தை தெரபிஸ்ட்டைப் பார்த்துச் சிரிக்க, இவரும் குழைய, "என்னைவிட இவளிடம்தான் ஒட்டுது" என்று தாய் மூடிக்கொள்வது. அடுத்த வாரம் வரமாட்டார். அப்போது கொஞ்சம் பின்னால் சாய்ந்து, குழந்தையின் பார்வையை அம்மா பக்கம் விடணும்.

வடலி:
மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும். தாய்க்குப் பக்கத்தில், அரை அடி பின்னால் இருங்கோ. தாய்க்கும் பிள்ளைக்கும் தெரபிஸ்ட்டுக்கும் இடையில் உங்கட தலை வரக்கூடாது. முதல் நாள் வந்தவரே கடைசிவரை வரவேணும் என்று ஏஜென்சியிடம் முன்கூட்டியே எழுத்தில் கேட்க வேணும். அமர்வுக்கு முன் 10 நிமிடம், பின் 10 நிமிடம் தெரபிஸ்ட்டோடு கதைக்க நேரம் கேளுங்கோ. அது இல்லாவிட்டால் கேட்டதையெல்லாம் நீங்கள்தான் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போவீர்கள்.

பிள்ளையிடம் சொன்னதையும் மொழிபெயர்க்கத்தான் வேணும். அது தாய்க்கும் சேர்த்துச் சொல்வது. ஆனால் உடனே பாயாமல், தெரபிஸ்ட்டின் குரல் அடங்கின பிறகு, அதே தாழ்ந்த தொனியில் சொல்லுங்கோ. "இது எனக்கு வேண்டாம்" என்று தாய் பிள்ளையைக் காட்டிச் சொன்னால் அதை "களைப்பாக இருக்கிறார்" என்று பூசி மெழுகக் கூடாது. தெரபிஸ்ட் காத்திருப்பதே அந்த வரிக்குத்தான். மாமியாரையோ புருஷனையோ மொழிபெயர்க்க விடவே கூடாது. ஊர்ச்சனம் அறிந்துவிடும் என்ற பயம் தாய்க்கு இருந்தால், வேறு ஊர் ஆளைக் கேட்கலாம் என்று முதலே சொல்லிவிடுங்கோ.

எண்ணிக்கை:
ஆய்வு இருக்கிறது, கொண்டாடும் அளவுக்கு இல்லை. பல மருத்துவ ஆய்வுகளைச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2015 தொகுப்பாய்வில் 8 ஆய்வுகள், 846 பேர். குழந்தையின் பற்றுறவு (பெற்றவரிடம் நம்பி ஒட்டிக்கொள்வது) பாதுகாப்பானதாக மாறுவதில் பலன் தெரிந்தது. தாயின் மனச்சோர்வில் தெளிவான வித்தியாசம் இல்லை, சான்றின் தரமும் குறைவு. ஸ்டாக்ஹோமில் சாலமன்சனும் சாண்டலும் 80 தாய்–சேய் இணைகளை வைத்துச் செய்து 2011இல் வெளியிட்ட ஆய்வில் ஒப்பீடு, குழந்தைநல மைய நர்ஸ்களின் வழக்கமான கவனிப்போடு. அங்கே தாயின் மனச்சோர்வும் குழந்தையை உணரும் திறனும் மேம்பட்டன. லண்டன் ஆனா ஃபிராய்டு மையத்தின் 76 இணை ஆய்வு வேறு மாதிரி: தாயின் மனநலமும் பெற்றோர் அழுத்தமும் தேறின, குழந்தையின் வளர்ச்சியிலும் இருவரின் ஊடாட்டத்திலும் வித்தியாசம் இல்லை. ஆகவே தாய்மாரிடம் "பிள்ளை கெட்டிக்காரனாக வரும்" என்று யாரும் வாக்குக் கொடுக்க வேண்டாம்.

இன்னொன்று. பிரசவமான முதல் இரண்டு வாரத்தில் திடீரெனத் தூக்கமே இல்லாமல், சம்பந்தமில்லாமல் பேசி, குழந்தையைப் பற்றி விபரீதமாக நம்பத் தொடங்கினால் அது இந்த வைத்தியத்துக்கான கேஸ் அல்ல. பிரசவத்துக்குப் பிந்தைய சைக்கோசிஸாக, அதாவது நிஜம் எது என்ற தெளிவு போகும் கடும் மனநோயாக, இருக்கலாம். அன்றைக்கே அவசர உதவி. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வைக் கண்டறியத் தாயிடம் கேட்கும் எடின்பரோ வினாத்தாளில் 10ஆவது கேள்விக்கு, அதாவது தன்னைத் தானே காயப்படுத்தும் எண்ணத்துக்கு, பூஜ்ஜியம் தவிர எது வந்தாலும் மொத்த மதிப்பெண்ணைப் பார்க்காமல் அன்றே விசாரிக்க வேண்டும்.

கீதா_ஹாரோ:
மூவருக்கும் நன்றி. ஒன்று மட்டும்: பிள்ளை முழு நேரமும் நித்திரை என்றால்?

தூளி:
எழுப்பமாட்டாங்க. தூங்கும் குழந்தையைப் பற்றியே பேசுவாங்க: எங்கே படுக்க வைத்தார், முகம் யார் பக்கம், முனகினால் அம்மாவின் தோள் என்ன ஆகுது. ஒவ்வொரு வாரமும் தூங்கினால் மட்டும் நேரத்தை மாற்றணும். பால் குடித்து அரை மணி கழித்து விழித்திருக்கும் வேளையைத் தாயிடமே கேட்டு அப்பாயின்மென்ட் போடச் சொல்லுங்க; கிளினிக் கொடுக்கும் முதல் ஸ்லாட் பெரும்பாலும் குழந்தையின் தூக்க நேரமாத்தான் இருக்கும்.