தகவல் தொழில்நுட்பத் திட்டத்தில் நிலைபேற்றுக்கு நிதி கேட்பது: பணிப்பாளர் சபைக்கு என்ன எழுதுவது?

கேள்வி – நல்லூர்வாசி

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாண நகரில் தலைமை அலுவலகமும், சாவகச்சேரி, நெல்லியடி, சுன்னாகம் ஆகிய இடங்களில் கிளைகளும் கொண்ட ஒரு கூட்டுறவு நிதி நிறுவனத்தின் தகவல் தொழில்நுட்பப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் கணக்கு மென்பொருள் ஓடும் இரண்டு வழங்கிகளும் (சேர்வர் கணினிகளும்) பழையவை. கருமபீடங்களில் உள்ள அறுபது வரையான மேசைக் கணினிகள் விண்டோஸ் 10 இல் இயங்குகின்றன. அதற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14 உடன் முடித்துக்கொண்டது. ஆகவே ஏதோ ஒரு முதலீட்டைச் செய்தே ஆகவேண்டும்.

விற்பனையாளர்கள் தந்த விலைமனுக்கள் எல்லாம் ஒரே மாதிரியானவை: பழையதைக் கழித்துவிட்டு அதே எண்ணிக்கையில் புதியதை வாங்குங்கள், அல்லது எல்லாவற்றையும் கிளவுட்டுக்கு, அதாவது இணையத்தின் ஊடாக வாடகைக்குக் கிடைக்கும் வெளித் தரவு மையத்துக்கு, மாற்றுங்கள். எனது விருப்பம் வேறு. மின்சாரத்தைக் குறைவாகப் பயன்படுத்தும் கருவிகள், திருத்தி நீண்ட காலம் பாவிக்கக்கூடிய கணினிகள், கழிவை ஒழுங்காக அகற்றும் ஏற்பாடு, முடிந்தால் கூரையில் சூரியப்படல் ஆகியவற்றைச் சேர்த்து, சுற்றாடலுக்கும் கேடில்லாத நிலைபேறான ஒரே திட்டமாகக் கொடுக்க விரும்புகிறேன். இதற்குத் தொடக்கச் செலவு கூடுதலாக வரும்.

சென்ற கூட்டத்தில் இதை வாய்மொழியாகச் சொன்னபோது ஒரு பணிப்பாளர் கேட்ட கேள்வி நியாயமானது: "சுற்றாடலைக் காப்பது நல்ல விடயந்தான், ஆனால் அங்கத்தவர்களின் சேமிப்புப் பணத்தில் அதைச் செய்வதற்கு எங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?" அந்தக் கேள்விக்கு எழுத்தில் பதில் சொல்ல வேண்டும். படம் போட்ட பின்னிணைப்பாக அல்லாமல், கணக்காளர் ஒருவர் பேனையால் கோடிட்டுச் சரிபார்த்த பிறகும் நிற்கக்கூடிய அறிக்கையாக அது இருக்கவேண்டும். எதிலிருந்து தொடங்குவது, எதை எண்ணில் காட்டுவது, எதைக் காட்டாமல் விடுவது என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித்தந்தால் பேருதவியாக இருக்கும்.

பதில் – வடமராட்சிக் கணக்காளர்

உங்கள் பணிப்பாளரின் கேள்விக்கு நேரான பதில் ஒன்று உண்டு. அங்கத்தவரின் பணத்தை வீணாக்காமல் இருப்பது சபையின் கடமை. ஓயாமல் ஓடும் ஒரு பழைய வழங்கி ஒவ்வொரு மணித்தியாலமும் அந்தப் பணத்தைத்தான் எரித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே அறிக்கையில் "நிலைபேறு" என்று தனி அத்தியாயம் வைக்காதீர்கள். தனி அத்தியாயமாக இருப்பதுதான் முதலில் வெட்டப்படும். செலவு, ஆபத்து, ஆயுட்காலம் என்ற வழமையான தலைப்புகளுக்குள்ளேயே அது இருக்கட்டும்.

முதலில் எழுதவேண்டியது "ஒன்றும் செய்யாவிட்டால் ஆகும் செலவு". பெரும்பாலான முன்மொழிவுகள் இங்கேதான் சறுக்குகின்றன. புதிய திட்டத்தின் செலவைப் பூச்சியத்தோடு ஒப்பிடுகின்றன. இன்றைய நிலை பூச்சியம் அல்ல. மின்பட்டியல், ஜெனரேட்டருக்கான டீசல், மாற்றப்படும் பற்றரிகள், திருத்தக் கூலி, கருமபீடம் முடங்கிய நேரம் ஆகிய எல்லாம் ஏற்கெனவே உங்கள் பேரேட்டில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைப் பொறுக்கி ஒரே நிரலில் வையுங்கள்.

மின்சாரத்தை ஊகிக்க வேண்டியதில்லை, அளக்கலாம். செருகியோடு பொருத்தும் சிறிய மின்மானி ஒன்றை வழங்கியின் இணைப்பில் ஒரு கிழமைக்கு விட்டால் போதும். இரண்டு வழங்கிகளும் சேர்ந்து சராசரியாக 400 வாற்று இழுக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 8,760 மணித்தியாலங்கள். ஆகவே 3,504 அலகுகள். அந்த மின்சாரம் முழுவதும் கடைசியில் வெப்பமாகவே மாறுகிறது, அதை வெளியேற்றக் குளிரூட்டி ஏறத்தாழ இன்னொரு மூன்றிலொரு பங்கை எடுக்கும். மொத்தம் சுமார் 4,700 அலகுகள். இதை உங்கள் கடைசி மின்பட்டியலில் உள்ள அலகு விலையால் பெருக்குங்கள். வெளிநாட்டு அறிக்கை ஒன்றிலிருந்து எடுத்த சராசரியைவிட, உங்கள் சொந்த மானியில் வாசித்த எண்ணைச் சபை மதிக்கும்.

அடுத்து, ஒரே விலையை ஐந்து ஆண்டுகளுக்கும் நீட்டாதீர்கள். 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்த்தப்பட்டது. 2025 ஜனவரியில் 20 சதவீதம் குறைக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூனில் 15 சதவீதம் மீண்டும் ஏறியது. இப்படி ஆடும் ஒரு செலவைக் குறைப்பது சேமிப்பு மட்டுமல்ல, ஆபத்துக் குறைப்பும் ஆகும். கட்டணம் இப்படியே இருந்தால், கால்வாசி குறைந்தால், இரட்டித்தால் என மூன்று நிலைகளில் கணக்கைக் காட்டுங்கள். கட்டணம் குறைந்தாலும் திட்டம் தாங்குகிறது என்று காட்ட முடிந்தால் பாதி வேலை முடிந்துவிடும்.

வட்டிவீதத்தைப் பற்றியும் நேர்மையாக இருங்கள். ஐந்தாம் ஆண்டில் மிச்சமாகும் ஒரு இலட்சம் ரூபா, 20 சதவீதக் கழிவு வீதத்தில் (எதிர்காலப் பணத்தை இன்றைய பெறுமதிக்குக் குறைத்துக் கணிக்கும் வீதம்) இன்றைக்கு 40,188 ரூபாவுக்கே சமம். 10 சதவீதத்தில் அது 62,092 ரூபா. நெருக்கடிக் காலத்து வட்டியில் நிராகரிக்கப்பட்ட திட்டங்கள் பல இப்போது மீண்டும் எடுத்துப் பார்க்கத்தக்கவையாகிவிட்டன. நீங்கள் எந்த வீதத்தை எடுத்தீர்கள், ஏன் எடுத்தீர்கள் என்பதை முதற்பக்கத்திலேயே எழுதிவிட்டால், கூட்டத்தில் அரை மணித்தியால விவாதம் மிச்சமாகும்.

பதில் – வலிகாமம் மின்பொறியியலாளர்

கணக்காளர் சொன்னதோடு நான் உடன்படுகிறேன். ஆனால் எண்களுக்குப் போகமுன் ஒருமுறை வழங்கி அறையின் கதவைத் திறந்து பாருங்கள். எங்கள் பகுதி அலுவலகங்களில் நான் காண்பது பெரும்பாலும் இதுதான்: குளிரூட்டி 18 பாகையில் உறைந்துகொண்டிருக்கும், மின்தடையின்போது பற்றரியிலிருந்து மின்சாரம் தரும் யூ.பி.எஸ். மட்டும் காற்றோட்டம் இல்லாத வெளி மூலையில் வெந்துகொண்டிருக்கும். மூடியைக் கழற்றினால் பற்றரிகளின் பக்கங்கள் உப்பி, பெட்டியை விட்டு வெளியே இழுக்கவே முடியாதபடி இறுகிப் போயிருக்கும். ஈய அமிலப் பற்றரி 25 பாகைக்கு மேல் ஒவ்வொரு எட்டிலிருந்து பத்துப் பாகைக்கும் தன் ஆயுளில் ஏறக்குறையப் பாதியை இழக்கிறது. வழங்கிகளுக்கோ 18 முதல் 27 பாகை வரை போதுமானது என்று குளிரூட்டல் பொறியியலாளர்களின் அமெரிக்கச் சங்கமான ஆஷ்ரே அமைப்பின் வழிகாட்டல் சொல்கிறது. குளிரூட்டியை 25 இல் வைத்து, பற்றரிகளை அறைக்குள் கொண்டுவந்தால் மின்சாரமும் குறையும், பற்றரியும் நீடிக்கும். செலவு ஏதுமில்லாத இந்த மாற்றத்தை இப்போதே செய்து, அதன் விளைவை அளந்து அறிக்கையில் சேருங்கள். கேட்பதற்கு முன் செய்துகாட்டியவருக்கு நிதி கிடைப்பது எளிது.

வலிகாமத்துக் கிளைகளில் செம்மண் தூசியும் ஒரு செலவுதான். மேசைக் கணினியின் விசிறியையும் வெப்பம் கடத்தும் தகட்டையும் அது அப்பிப் பிடிக்கிறது, கணினி மெதுவாகிறது, "பழசாகிவிட்டது" என்ற முடிவுக்கு வந்து கழித்துவிடுகிறார்கள். ஒழுங்காகத் துப்புரவாக்கி, திண்மநிலைச் சேமிப்பகமும் (எஸ்.எஸ்.டி.) கூடுதல் நினைவகமும் போட்டால் அந்தக் கணினிகளில் ஒரு பகுதி இன்னும் சில ஆண்டுகள் உழைக்கும். உங்கள் கருமபீட மென்பொருள் உலாவியில் ஓடுமானால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தையும் பரிசோதித்துப் பாருங்கள். ஒரு அலுவலகக் கணினியின் வாழ்நாள் காபன் உமிழ்வில் பெரும்பங்கு அது தொழிற்சாலையில் உருவாகும்போதே வெளியாகிவிடுகிறது; ஆகவே ஆயுளை நீட்டுவதைவிடப் பெரிய பசுமை நடவடிக்கை இந்த இடத்தில் இல்லை.

மாற்றியே ஆகவேண்டிய இடங்களில் மடிகணினியை வாங்குங்கள். மேசைக் கணினியும் திரையும் சேர்ந்து எடுக்கும் மின்சாரத்தின் ஒரு பகுதியையே அது எடுக்கும். அதைவிட முக்கியமாக, அதற்குள்ளேயே பற்றரி இருப்பதால் ஒவ்வொரு மேசைக்கடியிலும் ஒரு யூ.பி.எஸ். வைக்கத் தேவையில்லை. 2022 மார்ச் இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததைச் சபையில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

சூரியப்படலைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மின்வலையமைப்போடு இணைந்த சாதாரணத் தொகுதி, வலையமைப்பில் மின்சாரம் நின்றவுடன் பாதுகாப்புக் கருதித் தானும் நின்றுவிடும். 2025 பெப்ரவரி 9 அன்று நாடு முழுவதும் மின்தடைப்பட்டபோது, பற்றரியும் அதற்கேற்ற இன்வேட்டரும் இல்லாதவர்களின் படல்கள் நண்பகல் வெயிலில் பயனின்றிக் கிடந்தன. அதே ஆண்டு ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், மின்பாவனை குறைந்திருந்ததால், கூரைப் படல்களைப் பகலில் நிறுத்திவைக்குமாறு இலங்கை மின்சார சபையே கேட்டுக்கொண்டது. எனவே "சூரியப்படல் போட்டால் மின்வெட்டுக் கவலை இல்லை" என்ற வரியை அறிக்கையில் எழுதாதீர்கள். முதலில் பாவனையைக் குறையுங்கள். குறைந்த பாவனைக்கு ஏற்ற அளவில் படலையும் பற்றரியையும் தீர்மானியுங்கள். வரிசை மாறினால் தேவைக்கு மிஞ்சிய தொகுதிக்குப் பணம் கட்டுவீர்கள்.

பதில் – கொழும்பிலிருந்து ஒரு மென்பொருளாளர்

கிளவுட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "கிளவுட்டுக்கு மாறினாலே பசுமை" என்று விற்பனையாளர் சொன்னால் எந்த வட்டாரத் தரவு மையம் என்று கேளுங்கள். நமக்கு அண்மையிலுள்ள சிங்கப்பூரின் மின்சாரத்தில் சுமார் 95 சதவீதம் இயற்கை எரிவாயுவிலிருந்து வருகிறது. மும்பைக்குக் கிடைப்பதில் நிலக்கரியின் பங்கு பெரிது. இலங்கையிலோ நீர்மின்சாரத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. ஆகவே பெரிய தரவு மையங்களின் திறனான இயக்கத்தால் வரும் நன்மை உண்மையானதே என்றாலும், மின்சாரம் அங்கே தூய்மையானது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

மற்றது நாணயம். கிளவுட் பட்டியல் டொலரில் வரும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்துக்குள் 360 ரூபாவைத் தொட்டது. பாவனை ஒரு துளியும் கூடாமலேயே பட்டியல் முக்கால் மடங்கு கூடியது. அங்கேயும் வீணாவதைக் குறைப்பதுதான் உங்கள் நியாயம். பரிசோதனை வழங்கிகள் கிழமை நாட்களில் 12 மணித்தியாலம் ஓடினால் போதுமென்றால், 168 மணித்தியாலங்களில் 60 மட்டுமே தேவை. மிச்சம் 64 சதவீதத்துக்கு யாரோ பணம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

நல்லூர்வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. அளவீட்டிலிருந்து தொடங்குவதென்று முடிவு செய்துவிட்டேன். மின்மானி ஒன்றை இரவல் வாங்கியாயிற்று. குளிரூட்டி இன்று காலை 25 க்கு மாறிவிட்டது.

இன்னுமொரு சந்தேகம். கழிக்கப்படும் கணினிகளையும் யூ.பி.எஸ். பற்றரிகளையும் பழைய இரும்பு வாங்குபவருக்கு விற்றால் ஒரு தொகை கிடைக்கும். ஒழுங்கான முறையில் அகற்றினால் அந்த வரவு குறையும், சிலவேளை செலவும் வரும். இதைக் கணக்கில் எப்படி நியாயப்படுத்துவது? இங்கே சேமிப்பு என்று காட்ட எதுவும் இல்லையே.

பதில் – தெல்லிப்பழையிலிருந்து

இந்த இடத்தில் கணக்குக் காட்ட முயலவேண்டாம் என்பதே எனது கருத்து. எல்லாவற்றையும் ரூபாவாக மாற்றினால்தான் சபை ஏற்கும் என்ற எண்ணத்தோடு நான் உடன்படவில்லை. சிலவற்றை எண்ணாக அல்லாமல் நிபந்தனையாக எழுதவேண்டும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு வற்றாத ஆறு இல்லை. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீரைத்தான். அந்தக் கல்லில் வெடிப்பும் துவாரமும் அதிகம். மேலே ஊற்றுவது கிணற்றுக்குப் போகப் பெரிதாகத் தடையில்லை. பற்றரியை உடைத்து ஈயத்தை எடுப்பவர் அமிலத்தை வளவிலேயே ஊற்றினால், அதில் கரைந்த ஈயம் யாருடைய கிணற்றில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. சுன்னாகத்தில் மின்நிலையக் கழிவெண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் அந்த மின்நிலையத்தை நடத்திய கம்பனியை 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்துமாறு பணித்தது. அந்தக் கம்பனியின் எந்த முதலீட்டு அறிக்கையிலும் கிணற்றுத் தண்ணீருக்கு ஒரு நிரல் இருந்திருக்கும் என்று நான் நம்பவில்லை. உங்கள் சுன்னாகக் கிளையின் அங்கத்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தக் கிணறுகள் சொந்தமோ!

உலக அளவிலும் இதே நிலைதான்: 2022 இல் உருவான 6 கோடியே 20 இலட்சம் தொன் இலத்திரனியல் கழிவில் 22.3 சதவீதம் மட்டுமே முறையாகச் சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகப் பதிவாகியிருக்கிறது. ஆனால் சபைக்கு அதைவிடச் சுன்னாகம் அண்மையானது. அதை எழுதுங்கள்.

பதில் – வடமராட்சிக் கணக்காளர்

தெல்லிப்பழை அன்பர் சொன்னதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பழைய இரும்புக்குக் கிடைக்கும் தொகையை எந்தத் தெரிவிலும் வரவாகக் காட்டாதீர்கள். அப்படிச் செய்தால் எல்லாத் தெரிவுகளும் ஒரே தளத்தில் நிற்கும், ஒழுங்கான அகற்றல் நட்டமாகத் தெரியாது.

நிபந்தனையைக் கேள்விப்பத்திரத்திலேயே (விலைமனுக் கோரும் ஆவணத்திலேயே) போடுங்கள். புதிய பற்றரிகளை வழங்குபவரே பழையவற்றை மீளப்பெறவேண்டும் என்றும், அவற்றை ஒப்படைக்கும் இடத்துக்கு மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அட்டவணைப்படுத்தப்பட்ட (ஆபத்தான) கழிவுக்கான அனுமதிப்பத்திரம் இருக்கவேண்டும் என்றும், ஒப்படைத்ததற்கான பற்றுச்சீட்டைத் தந்த பின்னரே இறுதிக் கொடுப்பனவில் பத்துச் சதவீதம் விடுவிக்கப்படும் என்றும் எழுதலாம். கணினிகளுக்கு, ஐந்து ஆண்டுகளுக்கு உதிரிப்பாகம் கிடைக்கும் என்ற உறுதிமொழியையும், யாழ்ப்பாணத்திலேயே திருத்தித் தரும் வசதியையும் கேளுங்கள். இயந்திரத்தைக் கொழும்புக்கு அனுப்பித் திருத்த வேண்டியிருந்தால் ஊழியர்கள் திருத்தாமல் புதிதையே கேட்பார்கள். ஆயுளை நீட்டும் உங்கள் கணக்கு முழுவதும் அந்த ஒரு வசதியில்தான் தங்கியிருக்கிறது.